பின்னால் நான்கு டயர் வேண்டுமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். அவரும் கணவரும் வேலையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றப் போகிறார்கள். தங்குவதற்கு ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பார்த்து, திருப்பித் தரக்கூடிய முன்பணமும் கட்டியாயிற்று. அதன் உச்ச எடை 14,200 பவுண்டு. அதை இழுக்க இனிமேல்தான் வண்டி வாங்க வேண்டும்.

கணவர் கண் வைத்திருப்பது பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ள, 'ஒரு டன்' வகை டீசல் பிக்கப். "18,000 பவுண்டு இழுக்கும் வண்டிக்கு 14,000 எம்மாத்திரம்" என்று விற்பனையாளர் சொல்லிவிட்டாராம். கணவரின் அண்ணன் பத்து வருடமாக டூயலி, அதாவது பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் உள்ள பிக்கப், ஓட்டுபவர். "பின்னாடி நாலு டயர் இல்லாத வண்டியில பிள்ளைங்கள ஏத்தாதே" என்கிறார் அவர். வாசகிக்கு வேறு கவலை. பாதித் தூரம் அவர்தான் ஓட்டப் போகிறார். டூயலியின் அகலத்தைப் பார்த்தாலே கை வேர்க்கிறதாம். இரண்டு வண்டிகளின் கதவோரத்தில் ஒட்டியிருந்த எடை வரம்பு எண்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். "பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர்பேக்) போட்டால் ஒற்றைச் சக்கர வண்டியே போதும் என்று இவர் சொல்கிறார். சரியா ஐயா? ஒருவேளை எடை கூடிவிட்டால் இன்ஷூரன்ஸ் செல்லாமல் போய்விடுமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் ஒரு நன்றி. இருபது வருடத்துக்கு மேலாக ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். கதவைத் திறந்து அந்த ஒட்டியைப் படம் எடுத்து அனுப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. அந்த வண்டி 18,000 பவுண்டை இழுக்கத்தான் செய்யும். இழுவை எண்ணைக் கணக்கிட ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகில் மேலேறும் நீண்ட மலைச்சாலையை மாதிரியாக வைத்து, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு எடையுடன் வண்டி குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. மாமியார் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, கருவிப்பெட்டி கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வைத்த பரீட்சை அது. உங்கள் வண்டியின் முதுகுக்கு வைத்த பரீட்சை அல்ல.

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறது. சாதாரண டிரெய்லர் என்றால் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் ஹிட்ச்சில் இறக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் என்கிற இணைப்பு முளை வழியாக நேரே பின் அச்சின் மேல் இறக்கும். படுக்கையறை, அலமாரி எல்லாம் முன்பகுதியில் இருக்கும் குடும்ப டிரெய்லர்களில் 20க்குக் கீழே நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் இழுவையை மறந்துவிடுங்கள். சுமையைப் பார்ப்போம்.

உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்கு

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒற்றைச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு (வண்டியும் சுமையும் சேர்த்து) 11,500 பவுண்டு, ஏற்றக்கூடிய சுமை 3,587. டூயலியின் வரம்பு 14,000, ஏற்றக்கூடியது 5,380. டிரெய்லர் விளம்பரத் தாளில் கிங்பின் சுமை 2,150 என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது காலி டிரெய்லரின் எண். தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு துணி கூட இல்லை. பல சமயம் பேட்டரியும் கேஸ் சிலிண்டரும்கூட அதில் சேராது.

ஓராண்டு குடித்தனத்துக்கு அரிசி மூட்டையிலிருந்து குளிர்கால ஜாக்கெட் வரை ஏற்றினால் டிரெய்லர் 13,500 பவுண்டுக்கு வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22 சதவீதம் 2,970. ஐந்து பேருக்கும் சேர்த்து நீங்கள் சொன்ன எடை 670. ஹிட்ச் ஒரு 200. கருவிகள், ஜெனரேட்டர், அந்தச் சின்ன மிதிவண்டிகள் எல்லாம் 250. கூட்டினால் 4,090. ஒட்டி அனுமதிப்பது 3,587. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே 503 பவுண்டு அதிகம். விளம்பரத் தாளின் 2,150ஐ நம்பிக் கணக்குப் போட்டால் 3,270தான் வரும். 317 பவுண்டு மிச்சம் இருப்பதுபோல் தெரியும். உங்கள் கணவர் போட்டது இந்தக் கணக்காகத்தான் இருக்கும். அவர் மேல் தப்பில்லை, தாளில் அச்சடித்திருக்கும் எண் அப்படி.

இனி டயர். ஒற்றைச் சக்கர வண்டிகளில் பரவலாக வரும் எல்டி275/70ஆர்18 டயர், சுமை தாங்குவதில் ஈ தரம், 80 பிஎஸ்ஐ காற்றில் 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 7,280. காலி வண்டியிலேயே பின் அச்சில் ஏறத்தாழ 3,300 பவுண்டு உட்கார்ந்திருக்கும். அதோடு கிங்பின், ஹிட்ச், சாமான், பயணிகள் எடையில் பாதி எல்லாம் சேர்த்தால் 7,050 ஆகிறது. மிச்சம் 230. உங்கள் மாமியார் ஏறி உட்காரும் எடையை விடக் கொஞ்சம்தான் கூட. ஜூலை மாதம் மதியம் ஐ-10 சாலையில் எல் பாசோ பக்கம் போகிறீர்கள், ஒரு டயரில் காற்று பத்து பிஎஸ்ஐ குறைந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த 230 அப்போதே போய்விடும். டூயலியில் வழக்கமான எல்டி245/75ஆர்17 டயர் இரட்டையாகப் போடும்போது 2,910 பவுண்டுதான் தாங்கும், தனித்தனியாகப் பார்த்தால் சின்ன டயர். ஆனால் நான்கு சேர்ந்தால் 11,640. அச்சுக்கென்று தனி வரம்பு உண்டு, அது இதைவிடக் குறைவு. ஆனாலும் டயர் உங்களைக் கைவிடாது.

ஏர்பேக் பற்றி

கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஏர்பேக் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும், முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கும், ஆட்டம் குறையும். நானே எத்தனையோ வண்டிகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நல்ல பொருள்தான். ஆனால் அது கதவோர ஒட்டியில் ஒரு பவுண்டைக்கூட மாற்றாது. டயரும் அச்சும் பிரேக்கும் பழையபடியே இருக்கும்.

ஒரு முறை ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஏர்பேக் போட்டு வண்டி தராசு முள் மாதிரி நேராக நிற்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சுமையே இல்லாதது போல இருக்கும். குனிந்து பின் டயரின் பக்கவாட்டில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. தரையைத் தொடும் இடத்தில் டயர் பிதுங்கி, தோள் ஓரத்தில் ரப்பர் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருந்தது. ஏர்பேக் செய்த ஒரே காரியம், அதை அவர் கண்ணிலிருந்து மறைத்தது.

டூயலி எல்லாவற்றிலும் மேலானதா?

இல்லை. இங்கே கணவரின் அண்ணனுடன் எனக்குக் கொஞ்சம் சண்டை. ஆறு டயர் இருப்பதால் மழையிலும் பனியிலும் பிடிப்பு அதிகம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லர் இல்லாத நாட்களில் விஷயம் நேர் எதிர். காலி வண்டியின் எடை நான்கு டயரில் பரவுவதால் ஒவ்வொரு டயரும் ரோட்டை அழுத்துவது குறைகிறது. தேங்கிய நீரிலும் பனியிலும் சேற்றிலும் பின்பக்கம் வழுக்கும். கிங்பின் எடை ஏறின பிறகுதான் அது நிலைக்கு வரும்.

பராமரிப்பும் கூடுதல். ஒரே அளவில் ஆறு டயர் வாங்க வேண்டும். ஜோடியில் ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால் புதியது சுமையை ஏற்று அழியும். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கும், அதைப் பார்த்து எடுக்க வேண்டும். தொல்லை பிடித்தது உள் டயர்தான். அது காற்றிறங்கினாலும் பக்கத்திலிருக்கும் வெளி டயர் தாங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போது உணரவும் முடியாது. பழைய லாரிக்காரர்கள் ஒரு கட்டையை வைத்து டயரைத் தட்டிப் பார்ப்பார்களே, அது விளையாட்டில்லை. காற்றுள்ள டயர் கட்டையைத் துள்ள வைக்கும். இறங்கினது 'பொத்'தென்று வாங்கிக்கொள்ளும். டயர் காற்றழுத்த எச்சரிக்கை இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 10,000 பவுண்டு வரம்புக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இரட்டைச் சக்கர வண்டிகளுக்கும் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. வாங்கும் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தனியாகப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அதே உள் டயரில்தான் டூயலியின் பெரிய நன்மையும் இருக்கிறது. ஓடும்போது ஒன்று வெடித்தால் இன்னொன்று வண்டியைத் தாங்கி, நீங்கள் ஓரம் கட்டும்வரை நேராக வைத்திருக்கும். அதற்கு மேல் அதை ஓட்டக் கூடாது, ஒற்றை ஆளாக அவ்வளவு சுமை அதற்கு ஆகாது. ஒற்றைச் சக்கர வண்டியில் முதுகில் மூவாயிரம் பவுண்டு இருக்கும்போது பின் டயர் வெடிப்பதை நான் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

பக்கக் காற்றிலும் வித்தியாசம் தெரியும். பெரிய லாரி ஒன்று உரசினாற்போல் தாண்டிப் போகும்போது ஒற்றைச் சக்கர வண்டியின் பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டும். டூயலி அசையாது. நாளெல்லாம் ஓட்டியபின் தோள்வலியில் அந்த வித்தியாசம் தெரியும்.

அகலம் என்கிற பயம்

இதை நீங்கள் கடைசியில் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. ஓட்டுபவருக்குப் பயம் இருந்தால் அதுவும் ஒரு சுமைதான்.

ஒற்றைச் சக்கர வண்டி ஏறத்தாழ 80 அங்குல அகலம், டூயலி பின் இடுப்பில் 96. வித்தியாசம் பக்கத்துக்கு 8 அங்குலம், ஒரு சாண் கூட இல்லை. (80 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் மேலே அடையாள விளக்குகள் கட்டாயம். டூயலியின் கூரையில் வரிசையாக மினுங்குவது அலங்காரம் அல்ல.) நீங்கள் இழுக்கப்போகும் டிரெய்லரே 96 முதல் 102 அங்குலம் அகலம் இருக்கும். டிரெய்லர் மாட்டின நாளில் டூயலி உங்களை அகலமாக்குவதில்லை, பின்னால் வருவது எப்படியும் அகலம்தான். சொல்லப்போனால் கண்ணாடியில் பின் இடுப்பு தெரிவதால், அது கோட்டுக்குள் இருந்தால் டிரெய்லரும் நேர்ச்சாலையில் ஏறக்குறைய கோட்டுக்குள் இருக்கும் என்று ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

தொல்லை தருவது டிரெய்லரைக் கழற்றிவிட்டு மளிகைக் கடைக்குப் போகும் நாள். முன்பக்கம் ஒல்லி, பின்பக்கம் பெருசு. முன்பக்கம் போய்விட்டதே என்று திருப்பினால் பெட்ரோல் பங்க்கின் மஞ்சள் கம்பத்தில் பின் இடுப்பு உரசும். டிரைவ்-த்ரூவில் ஓரக்கல்லில் ஏறும். தானியங்கி கார்வாஷ் பெரும்பாலும் உள்ளே விடாது. நீங்கள் இருக்கும் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் ஒரு தடவை படியுங்கள். வீட்டு முன் இரட்டைப் பின்சக்கர வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு.

உரிமமும் இன்ஷூரன்ஸும்

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. டெக்சாஸில் வண்டி, டிரெய்லர் இரண்டின் வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் 10,000க்கு மேல் இருந்தால் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். சொந்தப் பயணத்துக்கான ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டி) என்பதால் வணிக உரிமம் தேவையில்லை. ஆனால் வணிகம் சாராத ஏ வகுப்பு தேவை. ஒற்றைச் சக்கர வண்டி 11,500, டிரெய்லர் 14,200, சேர்ந்தால் 25,700. தப்பித்துவிடுவீர்கள். டூயலி 14,000, டிரெய்லர் 14,200, சேர்ந்தால் 28,200. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. அதுவும் அந்த அளவுள்ள வண்டியை நீங்களே கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். கணவர் மட்டும் எடுத்தால் போதாது, ஓட்டும் இருவரும் எடுக்க வேண்டும். கிளம்பும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் கைநடுக்கத்துக்கு அந்தத் தேர்வுக்கான பயிற்சியே நல்ல மருந்து.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில், எடை கூடினால் பாலிசி தானாகச் செல்லாமல் போய்விடும் என்பது பலரும் சொல்வதுதான். பொதுவாக அப்படி நடப்பதில்லை. பயப்பட வேண்டியது வேறு. விபத்தில் ஒருவருக்கு அடிபட்டு வழக்கு வந்தால், கதவில் அச்சடித்திருந்த எண்ணைத் தெரிந்தே மீறினீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் காட்டுவார். உங்கள் கவனக்குறைவுக்கு அதைவிட எளிய சாட்சி வேண்டாம். பாலிசித் தொகைக்கு மேல் தீர்ப்பு வந்தால் மீதி உங்கள் பையிலிருந்து. "ஆர்வியை யாரும் எடை மேடையில் நிறுத்த மாட்டார்கள்" என்று கணவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். விபத்துக்கு அப்புறம் நிறுத்துவார்கள். இன்னொன்று, சில தனிநபர் வாகனப் பாலிசிகள் பிக்கப்புக்கு 10,000 பவுண்டு என்று எல்லை வைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் இரண்டு வண்டிகளும் அதைத் தாண்டியவை. முகவரிடம் வண்டியின் வரம்பைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போ எது?

இந்த டிரெய்லர்தான், இந்த ஐந்து பேர்தான், ஓராண்டுதான் என்றால் டூயலி. இதில் நான் இழுபறி பேச மாட்டேன். அதே 4,090 பவுண்டை ஏற்றின பிறகும் உங்கள் டூயலியில் 1,290 மிச்சம் இருக்கிறது.

டூயலி வேண்டவே வேண்டாம் என்றால் மாற்ற வேண்டியது டிரெய்லரை. முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறீர்களே, அது பெரிய வசதி. உச்ச எடை 10,500 பவுண்டுக்குள் இருக்கும் டிரெய்லர் என்றால், முழுதாக ஏற்றினாலும் கிங்பின்னில் 2,310. மற்றவற்றைக் கூட்டினால் 3,430. ஒற்றைச் சக்கர டீசலே போதும், மிச்சம் 157. ஏ வகுப்பு உரிமமும் தேவையில்லை. ஐந்து பேர் ஓராண்டு அதில் இருப்பது நெருக்கடிதான். அது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், என் தொழில் அங்கே உதவாது.

இடையில் மூன்றாவது வழி என்று பெட்ரோல் இன்ஜினைச் சொல்வார்கள். டீசலை விட அது எடை குறைவு என்பதால் அதே வண்டியில் ஏற்றக்கூடிய சுமை சில நூறு பவுண்டு கூடும். கணக்கு ஓரளவு எட்டிவிடும். ஆனால் நீங்கள் கொலராடோ போகிறீர்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அங்கே ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குக் கவலை. டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இல்லாமல் 13,500 பவுண்டைப் பிடித்துக்கொண்டு இறங்க உங்களை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. டயர் பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

எதை வாங்கினாலும், முதல் பயணத்துக்கு முன் எல்லாச் சாமானும் ஏற்றி, ஐந்து பேரும் உட்கார்ந்து, பக்கத்து லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்று எண் உள்ள சீட்டு தருவார்கள். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு தடவை. இரண்டு சீட்டிலும் வண்டியின் இரண்டு அச்சுகளைக் கூட்டிக் கழித்தால் வருவதுதான் உங்கள் உண்மையான கிங்பின் சுமை. நான் மேலே போட்ட 22 சதவீதம் ஒரு யூகம். சீட்டில் வருவது யூகமல்ல.

கணவரின் அண்ணனிடம் டூயலி இருக்கிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான பார்க்கிங் ஒன்றுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மஞ்சள் கம்பத்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் வாளி இரண்டு வையுங்கள். முன்சக்கரம் வாளியைத் தாண்டினதும் திருப்பாமல், கண்ணாடியில் பின் இடுப்பு வாளியைத் தாண்டுவதைப் பார்த்த பிறகு திருப்புங்கள். முதல் அரைமணி நேரத்தில் இரண்டு வாளியும் நசுங்கும். கூட நாலைந்து வாளி எடுத்துக்கொண்டு போங்கள்.